மாதிரி வீட்டில் குடியிருந்தவள்

மார்ச் 2

அக்கா,

சாப்பாட்டு மேசையில் மெழுகுப் பழக்கூடைக்கு அடியில் நீ வைத்துவிட்டுப் போன சீட்டு கிடைத்தது. "போன் செய்யாதே, அணைத்து வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. வாய்ப்பேச்சில் உன்னை ஜெயிக்க என்னால் ஆகாது" என்று எழுதி, உன் நர்ஸ் தோழியின் முகவரியை அடியில் போட்டிருக்கிறாய். வீடு காட்டிப் பேசிப் பேசியே பிழைக்கிறவளுக்கு இது பெரிய தண்டனை. பேனா பிடித்து வெகு காலமாயிற்று. கோழி கிளறினது போல் இருந்தால் பொறுத்துக்கொள்.

மாதிரி வீட்டை நீ விட்டுப் போனபடியே பூட்டி வைத்திருந்தேன். நேற்று வாடகைக்குப் பார்க்க ஒரு தம்பதி வந்ததால் திறந்தேன். கட்டிலில் தலையணைகளை அடுக்கினேன். சரிந்தன. மறுபடி அடுக்கினேன், மறுபடி சரிந்தன. மருத்துவமனைத் துணிக்கிடங்கில் காலமெல்லாம் விரிப்பு மடித்தவள் கை எங்கே, என் கை எங்கே. அந்த அம்மாள் வரவேற்பறையில் நின்றபடியே, "ஹோட்டல் ரூம் மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் திரும்பிவிட்டாள். நீச்சல் குளத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "உங்க அக்கா எப்பம்மா வருவாங்க? அவங்க பால்கனியில உக்காந்து காபி குடிச்சாத்தான் வீடு போகுது." உடம்பு சரியில்லாத தோழியைப் பார்க்கப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு வந்தவர்களிடம் நான் உன்னைப் பற்றிச் சொன்னதைப் படுக்கையறையிலிருந்து நீ கேட்டுவிட்டாய். அதுதான் கோபம், எனக்குப் புரிகிறது. அது வியாபாரப் பேச்சு அக்கா. அதைப் போய் மனதில் வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்குவார்களா?

சரி, எனக்காக வர வேண்டாம். எதிர் வீட்டுக் குருவிக்காகவாவது வா. அவளுக்கு நீ வைத்த பேர்தான், இப்போது நானும் அப்படியே கூப்பிடுகிறேன். வயிறு இறங்கிவிட்டது. ஏப்ரல் நடுவில் பிரசவம் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா இல்லாத பெண். புருஷன் பாலம் கட்டுகிற இடத்திலிருந்து சனி ஞாயிறுதான் தலைகாட்டுகிறான். பிரசவ அறையில் நீ கூட இருக்கப்போவதாக டாக்டரிடமே சொல்லிவிட்டாளாம். தினமும் என் அலுவலகக் கண்ணாடிக் கதவைத் தட்டி, "ஆன்ட்டி எப்ப வருவாங்க?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

பாப்பா


மார்ச் 8

பாப்பா,

தலைமுடி நரைத்துப் போன உன்னை இன்னும் பாப்பா என்று கூப்பிடுவது என் தப்பு. அதனால்தான் நீ வளரவே இல்லை போலிருக்கிறது.

வியாபாரப் பேச்சு என்று ஒரே வார்த்தையில் மூடிவிட்டாய். நானும் திறக்காமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

உன் அத்தான் போன பிறகு, "பாதி வாடகைக்கு இவ்வளவு பெரிய வீடு, பளிங்குத் தரை, பக்கத்திலேயே நான் இருக்கிறேன், வா" என்று கூப்பிட்டாய். வந்தேன். ஆள் பார்க்க வருகிற வீடு, காலையில் பத்து மணிக்குமேல் வயசாளிச் சாமான் எதுவும் கண்ணில் படக்கூடாது என்றாய். சரி என்றேன். மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடி, தேய்ந்த செருப்பு எல்லாம் துணி துவைக்கிற மெஷினுக்குள் போயின. குளியலறையில் அழகாகச் சுருட்டி வைத்த துண்டுகளைத் தொடாமல், கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த பழைய துண்டில் துடைத்துக்கொண்டேன். அத்தை வீட்டுக்கு வந்த விருந்தாளிகூட இதைவிட உரிமையோடு இருப்பாள். அப்புறம் ஒரு நாள் அத்தான் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தாய். "செத்தவங்க படத்தைப் பாத்தா வர்றவங்க முகம் சுருங்குதுக்கா" என்றாய். அதே ஆணியில் கடையிலிருந்து வாங்கின சட்டத்தை மாட்டினாய். யாரோ பெற்ற இரண்டு குழந்தைகள் அதில் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. தினமும் துடைத்து வைத்தேன்.

அன்றைக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. "இங்க குடியிருக்கிற அம்மாவுக்கு மூணு பசங்க. பெரியவரு பல் டாக்டர். வாரா வாரம் பேரப்பிள்ளைங்களோட வந்துருவாங்க, வீடே கலகலன்னு இருக்கும்." எவ்வளவு சரளமாக வருகிறது உனக்கு!

கல்யாணமான நாளிலிருந்து "விசேஷம் இல்லையா" என்ற கேள்விக்கு நடுவிலேயே வாழ்ந்தவள் நான். மாமியார் கேட்டார், நாத்தனார் கேட்டார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள்கூடக் கேட்டாள். மலடி என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள், நான் அழுதேன், அதோடு முடிந்தது. என் கூடப் பிறந்த நீ, எனக்கு என்ன இல்லையோ அதையே எடுத்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காபி மாதிரி நீட்டியிருக்கிறாய். என் குறையை இந்த அளவுக்கு யாரும் சொல்லிக்காட்டியதில்லை பாப்பா.

குருவியைப் பற்றி எனக்கு எழுதாதே. பெரிய மருத்துவமனை, நல்ல டாக்டர்கள். நான் இல்லாவிட்டால் பிள்ளை பிறக்காமலா போய்விடும்?

இடது பக்கமாகப் படுக்கச் சொல். கால் வீங்கியிருந்தால் தலையணை வைத்து உயர்த்தச் சொல். உப்பைக் குறைக்கச் சொல்.

அக்கா


மார்ச் 13

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் வாடகைக்கு வீடு கேட்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். தூசி ஒவ்வாமை என்றேன். அதற்கும் ஒரு பொய்.

நீ எழுதியது எல்லாம் சரி. மன்னித்துவிடு என்று எழுதப் போனால் அந்த வார்த்தை சின்னதாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு. அத்தான் படத்தை எடுத்த அன்றைக்கே என் அறைக்குக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

எப்படி ஆரம்பித்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சமாதானம் சொல்வதற்காக இல்லை. முதன்முதலாக இதைச் சொன்னது குருவியிடமும் அவள் புருஷனிடமும்தான். ரயில் கடைசியாக நிற்கிற ஊர் இது. சுற்றிலும் பாதி காலி மனை, சாலை விளக்குகள்கூடப் புதிது. அந்தப் பெண் ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எல்லாம் அழகா இருக்கு. ஆனா மனுஷங்க வாழ்ற மாதிரியே இல்லையே" என்றாள். அவ்வளவு பெரிய கட்டிடத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது என்று மேலாளர் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த சமயம். அந்தப் படம் சுவரில் இருந்தது, நீ கடைக்குப் போயிருந்தாய், என் வாய் சும்மா இருக்கவில்லை. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்ணலாம் என்கிறார்கள், ஒரு பொய் சொல்லி ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அங்கேயே நின்று, "இதுக்கு எதிர்த்தாப்புல இருக்கிற வீடே போதும்" என்று சொல்லிவிட்டாள். அப்புறம் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல உன் பிள்ளைகள் படித்து வேலைக்கும் போய்விட்டார்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கோபப்படாதே.

முந்தாநாள் குருவி வந்தாள். வழக்கம் போல் நீ எப்போது வருவாய் என்று கேட்டாள். பிறகு, "ஆன்ட்டியோட சின்ன மகனுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்களே, சரியாப் போச்சா? அதனாலதான் போயிருக்காங்களா?" என்றாள்.

நான் சொன்ன கதையில் காய்ச்சல் கிடையாது அக்கா. சின்ன மகன் பீன்ஸ் தொடமாட்டான் என்பதும் கிடையாது. அதையும் அவள்தான் சொன்னாள்.

பாப்பா


மார்ச் 19

பாப்பா,

உன் கடிதம் வந்து ஐந்தாறு தடவை பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். என் தோழி, "அப்படி என்னடி எழுதுற, சொத்தையா பிரிக்கிற?" என்று கேலி செய்கிறாள்.

நீ கதவுக்கு அந்தப் பக்கம் சொன்னதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன் என்பது நிஜம். ஆனால் விஷயம் அதற்கு முன்னாலேயே தெரியும். எதிர் வீட்டுக்குக் குடிவந்த மறுநாள் காலை, கையில் ஒரு கிண்ணத்தோடு சர்க்கரை கேட்டு வந்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "வீடு காட்டினவங்க சொன்ன பேரப்பிள்ளைங்களா ஆன்ட்டி? எப்ப வருவாங்க?" என்றாள். இல்லையம்மா, கடைச் சட்டத்தோடு வந்த படம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாய், "அடுத்த வாரம்" என்றது. யார் சொன்னார்கள் அப்படி என்று நானே திரும்பிப் பார்க்காத குறை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது பாப்பா. அதை நினைத்தால்தான் இப்போது அவமானமாக இருக்கிறது.

அப்புறம் அவள் தினமும் வந்தாள். மெத்து மெத்தென்று இருக்கும், யாரும் உட்காரக் கூடாத அந்த வெள்ளை சோபாவில் காலை மடக்கிக்கொண்டு உட்காருவாள். கறை படும் என்று நான் சொல்லவே இல்லை. பிரசவம் என்றால் அவளுக்குக் குலை நடுக்கம். "எப்படி இருக்கும் ஆன்ட்டி?" என்று கேட்பாள். எங்கள் துணிக்கிடங்கு பிரசவ வார்டுக்கு அடுத்த கதவு. எத்தனை பெண்கள் கத்தியதை, சிரித்ததை, புருஷனைத் திட்டியதைக் கேட்டிருக்கிறேன்! பெரியவன் ஒரு ராத்திரி முழுக்க அலைக்கழித்தான், நடுவில் பிறந்தவள் டாக்டர் வருவதற்குள் வந்துவிட்டாள் என்று, யார் யாரோ பட்ட வலியையெல்லாம் என் கணக்கில் போட்டுக்கொண்டேன். அவள் பயம் தெளிந்தது. எனக்கு என்னவோ நல்ல காரியம் செய்கிற மாதிரி இருந்தது.

பிறகு ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள நீங்க கூட இருந்தா எனக்கு பயமே இல்ல ஆன்ட்டி. வருவீங்கள்ல?" என்றாள். வருகிறேன் என்றேன்.

மூன்று பெற்றவள் என்று நம்பித்தானே கேட்கிறாள்? வலியில் துடிக்கிற நேரத்தில் அவள் என் முகத்தைப் பார்த்து, அடுத்து என்ன ஆகும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாத நான் என்ன சொல்வேன்? பாதி வழியில் கண்டுபிடித்துவிட்டால்? புலி வாலைப் பிடித்தாகிவிட்டது. விடவும் பயம், பிடித்துக்கொண்டிருக்கவும் பயம். அந்தச் சமயத்தில்தான் உன் பேச்சு என் காதில் விழுந்தது. உன்மேல் வந்த கோபம் பொய்யில்லை. ஆனால் கிளம்பிப் போக எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, நீ கொடுத்தாய்.

நீயே அவளிடம் சொல்லிவிடு. ஆரம்பித்து வைத்தவள் நீ. அந்த ஆன்ட்டிக்குக் குழந்தை குட்டி எதுவும் இல்லை, நம்பி ஏமாறாதே, வேறு யாரையாவது கூட வைத்துக்கொள் என்று சொல். அதற்குப் பிறகு அவள் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


மார்ச் 23

அக்கா,

சொல்லத்தான் போனேன். அவள் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தாள். தொட்டில் வந்திருக்கிறது, மாட்டத் தெரியாமல் தரையெல்லாம் திருகாணியைப் பரப்பி வைத்திருக்கிறாள். "ஆன்ட்டிகிட்டயிருந்து தகவல் வந்துச்சா?" என்று கேட்ட முகத்தைப் பார்த்தேன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஊருக்கெல்லாம் வாய் கூசாமல் பொய் சொல்கிற எனக்கு, ஒரே ஒரு நிஜத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. சிரிக்காதே.

இது நான் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. நான் அவளிடம் சொன்னது வீடு காட்டுகிறவள் பேச்சு, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீ சொன்னது பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. நீயே வந்து சொல். அவள் திட்டினால் வாங்கிக்கொள். நானும் பக்கத்தில் நின்று பாதி வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வா. அவளுக்கு யாரும் இல்லை அக்கா. இந்தக் கட்டிடத்தில் காவலாளிக்கும் எனக்கும்தான் அவள் பெயர் தெரியும்.

பாப்பா


மார்ச் 27

பாப்பா,

வருகிறேன்.

தோழிக்கு முழங்காலில் ஊசி போட இந்த வாரமும் அடுத்த வாரமும் அழைத்துப்போக வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டேன், நடுவில் விட்டுவிட்டு வர மனமில்லை. ஏப்ரல் எட்டாம் தேதி பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். குருவிக்கு இன்னும் நாள் இருக்கிறது, தலைப்பிரசவம் தள்ளித்தான் போகும் என்று தோழியும் சொல்கிறாள்.

வந்ததும் முதல் வேலையாக அவளிடம் போய்ச் சொல்லிவிடுவேன். அவள் கதவைச் சாத்தினால் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். பிரசவ அறைக்குள் வேண்டாம் என்றால் மருத்துவமனை வராந்தாவில் இருக்கிறேன். அதற்கு யாரும் பெற்றிருக்க வேண்டியதில்லை அல்லவா?

மாதிரி வீட்டுக்குத் திரும்பமாட்டேன். மேலாளரிடம் சொல்லிவிடு. உன் அறையில் எனக்கு ஒரு பாய் விரிக்க இடம் பண்ணு. நீ குறட்டை விடுவாய் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

அவளிடம் எதுவும் சொல்லாதே. நான் வருகிறேன் என்பதைக்கூட. என்னிடமிருந்தே தெரியட்டும்.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நான்கு நாள் ஓட்டிவிட்டேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முந்தின நாள், மத்தியானம், காவலாளி ஓடிவந்தார். நான் மேலே போனபோது குருவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்சியில் ஏற்றினேன். புருஷனுக்குப் போன் போட்டேன், வந்து சேர ராத்திரி ஆகும் என்றான். "ஆன்ட்டிக்குப் போடுங்க, ஆன்ட்டிக்குப் போடுங்க" என்றாள். போட்டேன். அணைத்து வைத்திருக்கிறது என்று தெரிந்தேதான் போட்டேன். வழி நெடுக அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள், நானும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மருத்துவமனையில் அவள் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. உளறிவிட்டேன். "அக்காவுக்குப் பிள்ளையே கிடையாதும்மா. எல்லாம் நான் விட்ட கதை. உன்கிட்ட சொல்ல பயந்துகிட்டுதான் போயிட்டா."

வலி கொஞ்சம் அடங்கும் வரை கண்ணை மூடியிருந்தாள். பிறகு, "தெரியும்" என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"எதிர் வீட்டுலதானே இருக்கேன். எத்தனை ஞாயித்துக்கிழமை பாத்திருப்பேன். அவங்க வீட்டு பெல்லை ஒருத்தர் அடிச்சதில்ல. அவங்களா சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்குக் காய்ச்சல் சரியாச்சான்னு என்கிட்ட கேட்ட?"

"நீங்க அவங்ககிட்ட சொல்லுவீங்கல்ல. நான் கோவமா இல்ல, பயப்படாம திரும்பி வரலாம்னு அவங்களுக்குத் தெரியட்டுமேன்னுதான்."

"தெரிஞ்சும் எதுக்கு அவளைக் கூப்பிட்ட?"

"எனக்கு அவங்களைப் பிடிச்சிருந்துச்சு. அவங்க வேணும்னுதானே கேட்டேன்? மூணு பெத்தவங்க வேணும்னா கேட்டேன்?"

அதற்குள் மறுபடி வலி வந்துவிட்டது. நானாவது உள்ளே கூட இருக்கலாம் என்று போனேன். போன வேகத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. என்னையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை என்று நர்ஸ் வெளியே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள். அவள் தனியாகத்தான் பெற்றாள் அக்கா. கதவுக்கு வெளியே இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

மறுநாள் பார்க்கப் போனேன். உன் கடிதம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன், வாக்கை மீறினதற்குத் திட்டிக்கொள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். "போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். எங்கம்மாவும் சொல்லாமதான் போனாங்க" என்றாள். அழவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த ஊரில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்று புருஷன் முடிவு செய்துவிட்டான். மருத்துவமனையிலிருந்து நேராகத் தன் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். நேற்று ஆட்கள் வந்து சாமான் ஏற்றினார்கள். தொட்டிலைக் கழற்றத் தெரியாமல் அப்படியே வண்டியில் வைத்தார்கள். எதிர் வீட்டுச் சாவி இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

போகும் முன் புது முகவரியை என்னிடம் கொடுத்தாள். "ஆன்ட்டிகிட்ட நீங்களா குடுக்காதீங்க. அவங்களா கேட்டா குடுங்க" என்றாள். அதனால் இதில் எழுதவில்லை.

எட்டாம் தேதி நீ வர வேண்டும் என்பதில்லை. ஆனால் வா.

பாப்பா


ஏப்ரல் 7

பாப்பா,

உன் கடிதத்தைத் தோழிதான் வாசித்துக் காட்டினாள். பாதிக்கு மேல் என்னால் எழுத்துக் கூட்ட முடியவில்லை. "தெரியும்" என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மேலே வாசி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் புருஷனும் வெளியே போவார்கள், என் வீட்டைக் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். யாரோ வருகிற மாதிரி காட்ட, அன்றைக்கு மட்டும் டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன். அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள்.

நான் கூட இருந்திருக்க வேண்டும் பாப்பா. எனக்கு ஒன்றும் தெரியாவிட்டால் என்ன, கையைக் கொடுத்திருப்பேன். நீயாவது கொடுத்தாய். கை வலி சரியாயிற்றா?

நாளை இந்தக் கடிதத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன், வாயால் கேட்க எனக்கு வராது. யாருக்காக வருகிறேன் என்று கேட்காதே. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

முகவரியை நான் கேட்கிறேன். பாப்பா, தயவுசெய்து கொடு. நேற்றே அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்று ஆரம்பித்தேன். அவளுக்குத் தெரிந்த சேதியை அவளுக்கே எழுதுகிறேனே என்று கிழித்துப் போட்டேன். ஏன் போனேன் என்று எழுதினேன். அது எனக்குப் பரிந்து பேசுவது போல் இருந்தது. அதையும் கிழித்தேன். கடைசியில், "பாப்பாவுக்கு என்ன பேர் வைத்திருக்கிறாய்?" என்ற ஒரே வரியை எழுதி உறையில் போட்டிருக்கிறேன். மேலே முகவரி எழுத வேண்டியதுதான் பாக்கி.

அக்கா